போட்டோவுக்கு ஒட்டிய பச்சைத் தாள்

கன்னிவாடி,
20-1-2025.

அன்பு மகன் விக்னேஷ்குமாருக்கு அம்மா பழனியம்மாள் எழுதிக்கொள்வது. இங்கே நான், உன் அப்பா, உன் மனைவி சுகன்யா, இரண்டு மாடு, ஒரு கன்று எல்லோரும் பழனியாண்டவர் தயவில் சுகம். உன் சுகத்துக்கு மறுகடிதம் போடு என்று எழுதத்தான் கை வருகிறது, நீ கடிதம் போடுகிற ஆள் இல்லை என்பதால் விட்டுவிட்டேன். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். நான் அனுப்பும் வாய்ஸ் மெசேஜை எல்லாம் நீ இரண்டு மடங்கு வேகத்தில் ஓட்டித்தான் கேட்பாய் என்று போன வாரம் சுகன்யா வாய்தவறிச் சொல்லிவிட்டாள். அப்படி ஒரு பட்டன் இருப்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். உன்னைப் பத்து மாதம் சுமந்தபோது தெரிந்திருந்தால் நானும் அமுக்கியிருப்பேன். அதனால்தான் பேப்பரும் பேனாவும் எடுத்தேன். இதை உன்னால் ஓட்டிப் பார்க்க முடியாது, என் கையெழுத்து அதற்கு விடாது, உட்கார்ந்து எழுத்துக்கூட்டித்தான் படிக்கவேண்டும். ஞாயிற்றுக்கிழமை உனக்கு லீவுதானே, படி.

இங்கே பனி விழுந்து தக்காளி பாதிக்குமேல் அழுகிவிட்டது, முருங்கை மட்டும் பரவாயில்லை, உன் அப்பா ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்கு ஒருநாள்விட்டு ஒருநாள் போய்வருகிறார். அவர் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது, சிறுமலையிலிருந்து யாரோ எண்ணெய் கொண்டுவந்து கொடுத்தார்கள், தேய்க்கிறேன், வாசனையாக இருக்கிறது, வேறு பலன் தெரியவில்லை. தைப்பூசத்துக்கு நடக்கிறவர்கள் திண்டுக்கல் ரோட்டில் இப்போதே கூட்டம் கூட்டமாகப் போக ஆரம்பித்துவிட்டார்கள். பொங்கலுக்கு அப்பா நம்பருக்குக் கூப்பிட்டாயே, எண்ணி இரண்டு நிமிஷம், அதில் ஒரு நிமிஷம் மாட்டைக் காட்டச் சொல்லிப் பார்த்தாய். மாடு உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னது. அந்த இரண்டு நிமிஷத்தில் நீ கேட்ட ஒரு கேள்விக்காகத்தான் இந்தக் கடிதமே, அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் நரிக்கதையைச் சொல்லவேண்டும்.

வைகாசியில் கல்யாணம் முடிந்து இருபத்திரண்டு நாள் இருந்துவிட்டுக் கிளம்பினாயே, அப்போது சுகன்யாவின் போனில் ஜெர்மன் பாஷை சொல்லிக்கொடுக்கிற ஆப் ஒன்றை ஏற்றிவிட்டுப் போனாய். பரீட்சை பாஸ் பண்ணினால்தான் பெண்டாட்டிக்கு விசா, தினம் பத்து நிமிஷம் போதும், ஆறு மாசத்துல மளமளன்னு பேசிரலாம், ஆப் எல்லாத்தையும் பார்த்துக்கும் என்று வாசலில் நின்று சொன்னாய். எல்லாத்தையும் என்றால் பெண்டாட்டியையும் சேர்த்து என்று நாங்கள் அன்றைக்குப் புரிந்துகொள்ளவில்லை. அந்த ஆப்பில் கண்ணாடி போட்ட ஒரு நரிக்குட்டி இருக்கிறது. சரியாகச் சொன்னால் குதிக்கும், தப்பாகச் சொன்னால் காதை மடக்கும், ஒருநாள் போகவில்லை என்றால் கண்ணீர்விட்டு மெசேஜ் மேல் மெசேஜ் அனுப்பும். பாவம் இந்தப் பிள்ளை அறைக்குள் தனியாக உட்கார்ந்து போனிடம் பேசிக்கொண்டிருக்கிறதே என்று நானும் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அத்தே, நீங்களும் சேர்ந்தா எனக்குத் துணைக்கு ஆகும் என்று என் போனிலும் ஏற்றிக் கொடுத்துவிட்டாள். பத்தாம் வகுப்போடு விட்ட படிப்பு, ஐம்பத்திமூன்று வயதில் ஜெர்மனியில் வந்து நிற்கிறது. நரி முகத்தில் முழித்தால் அதிர்ஷ்டம் என்பார்கள். ஏழு மாதமாக இந்த வீட்டில் இரண்டு பேர் தினமும் நரி முகத்தில்தான் முழிக்கிறோம், இன்னும் ஒன்றையும் காணோம்.

அது சொல்லிக்கொடுக்கிற லட்சணத்தைக் கேள். குதிரை வெண்ணெய் வாங்குகிறது. என் மாமா யானைக்குக் கடிதம் எழுதுகிறார். உங்கள் கரடிக்குப் பசிக்கிறதா. நமக்குத் தேவையான வாக்கியம் ஒன்றாவது வருமா என்று பார்த்தால் வரவே இல்லை, கரடியைப் பற்றி எதைக் கேட்டாலும் நான் இப்போது பதில் சொல்வேன், மோட்டார் ஓடவில்லை என்று சொல்லத் தெரியாது. இஷ் என்று ஒரு சொல், நான் என்று அர்த்தம், அதைத் தொண்டையில் மீன்முள் சிக்கியதுபோல் காறிச் சொன்னால்தான் நரி ஒப்புக்கொள்ளும். நான் அடுப்படியில் நின்று காறிக்கொண்டிருக்க, உன் அப்பா பதறிப்போய்ச் சொம்பில் தண்ணீரோடு ஓடிவந்தார். அவரும் லேசுப்பட்டவர் இல்லை. டாண்டே என்றால் யார் என்று நரி கேட்டது, தந்தையைக் கேட்கிறது, நாந்தேன், அப்பான்னு போடு என்று பக்கத்தில் இருந்து அதட்டினார். போட்டேன், நரி காதை மடக்கிவிட்டது, டாண்டே என்றால் அத்தையாம் சித்தியாம். அன்றைக்குப் பூராவும் அவருடைய முகத்தில் ஈயாடவில்லை.

சுகன்யா என்னைப்போல் விளையாட்டாகப் படிக்கவில்லை. திண்டுக்கல்லில் ஐரின் டீச்சர் என்று ஒருத்தர், வெளிநாடு போகிற நர்சுப் பிள்ளைகளுக்கு ஜெர்மன் சொல்லிக்கொடுக்கிறார், வாரம் இரண்டுநாள் பஸ் ஏறிப்போய் அவரிடமும் படித்தாள். அந்த பாஷையில் நாற்காலி மேஜைக்குக்கூட ஆண், பெண், அஃறிணை என்று மூன்று பிரிவு உண்டு, அதில் எந்த நியாயமும் பார்க்கக்கூடாது, டீ ஆண், பால் பெண், உப்பு அஃறிணை, சூரியன் பொம்பளை, நிலா ஆம்பளை. இதை மனதில் ஏற்ற டீச்சர் ஒரு வழி சொன்னார். ஒட்டுகிற தாள் இருக்கிறதே, ஆணுக்கு நீலம், பெண்ணுக்குச் சிவப்பு, அஃறிணைக்குப் பச்சை, பெயரை எழுதி அந்தந்தச் சாமானில் ஒட்டிவிட வேண்டும், கண்ணில் படப்படச் சொல் ஏறிவிடும். நம் வீட்டை இப்போது நீ பார்க்கவேண்டும். கதவு சிவப்பு, ஜன்னல் பச்சை, ஃப்ரிட்ஜ் நீலம். மாட்டுக் கொம்பில் சிவப்புத் தாளை ஒட்டினாள், மாட்டுப் பொங்கலுக்கு இப்பவே ஜோடிச்சாச்சா என்று தெருவில் கேட்டார்கள், மறுநாள் அந்தத் தாளைக் கன்று தின்றுவிட்டது. உன் அப்பாவின் சட்டை ஆணியில் தொங்கியது, அதற்கு ஒரு பச்சைத்தாள். அவர் கவனிக்காமல் அப்படியே மாட்டிக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போய்விட்டார். அங்கே சுமை தூக்குகிறவர், கமிஷன் கடைச் சீட்டு என்று நினைத்து அதை உரித்து முருங்கைக் கட்டில் ஒட்டி லாரியில் ஏற்றிவிட்டாராம். வீட்டுக்கு வந்து, பச்சைன்னா அஃறிணையாமே, என்னைய மாட்டோட மாடாச் சேர்த்துட்டியா தாயி என்று கேட்டார். மாமா, பச்சை சட்டைக்கு, உங்களுக்கு இல்லை, உங்களுக்கு நீலம் என்று சொல்லி அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நீ கேட்டதில்லை, இருபத்திரண்டு நாளில் எங்கே கேட்டிருக்கப் போகிறாய்.

இந்தத் திணை விஷயத்தில் எனக்குத் தாங்காதது ஒன்று உண்டு. பெண்பிள்ளை அந்த ஊரில் அஃறிணையாம், மெட்ஷன் என்று சொல், அதற்குப் பச்சைத்தாள். கல்யாணமாகி ஒருத்தன் பெண்டாட்டி ஆனால் சிவப்புக்கு மாறிவிடுவாளாம். இதென்ன கூத்து என்று ஐரின் டீச்சரிடமே போனில் சண்டைக்குப் போனேன், அவர் சிரித்தார். அப்புறம்தான் பொங்கலன்றைக்கு நீ கூப்பிட்டாய். எடுத்த எடுப்பில் அப்பாவிடம் என்ன கேட்டாய் தெரியுமா, போன் ஸ்பீக்கரில் இருந்தது, அவள் பொங்கப்பானைப் பக்கத்தில் நின்றிருந்தாள். அது இந்தத் தடவையாச்சும் பாஸ் பண்ணிருமா, இல்ல வேஸ்ட்டா என்று கேட்டாய். நம் பக்கத்தில் பிரியமாகவும் அது என்போம், அது சாப்பிட்டுச்சா, அது தூங்குச்சா என்று உன் அப்பா என்னை விசாரிக்காத நாள் கிடையாது. நீ கேட்டது அந்த அது இல்லை, பழுதுபார்க்கக் கொடுத்த மிக்சியை விசாரிக்கிற அது. வெள்ளைக்காரன் பெண்டாட்டி ஆனதும் சிவப்பாக்குகிறான், நீ தாலிகட்டிச் சிவப்பானவளைப் பச்சையாக்கிவிட்டாய். பானை பொங்கி நாங்கள் பொங்கலோ பொங்கல் என்று கூவும்போது அவள் குனிந்து அடுப்பில் விறகைத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

அவள் ஏன் போன பரீட்சையில் நான்கு மார்க்கில் கோட்டைவிட்டாள் என்பது உனக்கு நன்றாகத் தெரியும், நீதான் அதை ஊருக்கே சொன்னாய். கார்த்திகையில் கோயம்புத்தூர் போய் எழுதினாள், எழுத்தெல்லாம் நன்றாகத்தான் எழுதினாள், பேசுகிற பரீட்சையில் முதலில் பெயர், வயது, இருக்கிற இடம் எல்லாம் கேட்டிருக்கிறார்கள், டக் டக்கென்று சொல்லியிருக்கிறாள். அடுத்து, காலையில் எத்தனை மணிக்கு எழுந்திருப்பாய் என்று ஒரு கேள்வி. அந்த பாஷையில் மணிக்கு ஊர் என்று சொல், நம் ஊரைச் சொல்கிறமாதிரியேதான் காதில் விழும். பயத்தில் இருக்கிற பிள்ளைக்கு ஊர் என்றதும் வாயில் என்ன வரும், கன்னிவாடி என்றிருக்கிறாள். அவர்கள் நிறுத்தி நிதானமாக மறுபடி ஊர் என்று கேட்க, திண்டுக்கல் பக்கம் என்று வழிவேறு சொல்லியிருக்கிறாள். கேட்டபோது நானும்தான் சிரித்தேன், யாராயிருந்தாலும் சிரிப்பு வரும். ஆனால் அவள் காந்திபுரம் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு அழுகையும் சிரிப்புமாக அதை உன்னிடம்தான் முதலில் சொன்னாள், புருஷனாயிற்றே என்று சொன்னாள். நீ அடுத்த நாள் அதைச் சொந்தபந்தம் குரூப்பில் போட்டாய். அறுபத்திமூன்று பேர் இருக்கிற குரூப். என் ஒய்ஃப்கிட்ட மணி கேட்டா ஊர் சொல்லுவா என்று போட்டு, கண்ணில் தண்ணீர் வருகிறமாதிரி சிரிக்கிற மூஞ்சி மூன்று. போன மாதம் ஒரு காதுகுத்தில் உன் அத்தை மகன் கண்ணன் எல்லோர் முன்னாலும், தங்கச்சி இப்ப எத்தனை ஊர் ஆச்சு என்று வாட்ச்சைக் காட்டிக் கேட்டான். பந்தியே சிரித்தது. அவளும் சிரித்தாள், அதைப் பார்த்துக்கொண்டு என்னால் சாப்பிட முடியவில்லை, இலையை மூடிவிட்டு எழுந்துவிட்டேன். எனக்கு வந்த கோபத்தில் கண்ணனுக்குக் கொடுக்கவேண்டியதை அங்கேயே கொடுத்துவிட்டேன், உனக்குக் கொடுக்கவேண்டியது இந்தக் கடிதம்.

அன்றிலிருந்து அவள் ஆப்பைத் திறக்கவில்லை. எதுக்கு அத்தே என்பாள், போனைக் கவிழ்த்து வைத்துவிடுவாள். அவள் போனில் நரி அழுதுகொண்டே கிடந்தது, உங்களைக் காணாமல் வருத்தமாக இருக்கிறது, எங்கே போனீர்கள், நாங்கள் காத்திருக்கிறோம் என்று ஒரே நாளில் நான்கு மெசேஜ். நீ அவளிடம் தனியாகப் பேசி இன்றைக்கு நாற்பத்திநான்கு நாள் ஆகிறது, பாஸ் பண்ணட்டும் அப்புறம் பேசிக்கலாம் என்று அப்பாவிடம் சொன்னாயாம். நரிக்கு இருக்கிற பதைப்பு உனக்கு இல்லை, அதைச் சொன்னால் உனக்குக் கோபம் வரும், வரட்டும். விடாமல் படித்த நாட்களை அந்த ஆப் எண்ணிவைத்திருக்கும், அவள் கணக்கு அறுந்துவிடக் கூடாதே என்று ஒன்பது நாள் அவள் போனிலும் நானே உட்கார்ந்து கரடிக்கும் குதிரைக்கும் பதில் சொன்னேன்.

அப்படி அவள் போனை நோண்டிக்கொண்டிருந்தபோதுதான் உன் குட்டு உடைந்தது. போனில் இருக்கிற நம்பர்களை வைத்து, தெரிந்தவர்கள் யார் யார் படிக்கிறார்கள் என்று அந்த ஆப்பே தேடிக் காட்டும். விக்னேஷ் எஸ் என்று ஒரு பெயர் வந்தது, ஸ்டுட்கார்ட்டில் பனிக்கு நடுவில் கறுப்புக் கண்ணாடி போட்டு நிற்கிற உன் போட்டோவேதான். சேர்ந்து மூன்று வருஷம் இரண்டு மாதம், வந்த நாட்கள் பதினொன்று, கற்ற சொற்கள் நாற்பத்திரண்டு. படிக்கப் படிக்க விதை, முளை, செடி, மரம் என்று அதில் ஏற்றம் உண்டு. சுகன்யா மரம், எழுநூற்று நாற்பது சொல். நான் செடி, முந்நூற்றுச் சொச்சம். நீ விதை. மூன்று வருஷமாக முளைக்காத விதையை எங்கள் காட்டில் போட்டிருந்தால் உழுதுவிட்டு வேறு போட்டிருப்போம். ஆபீசில் எல்லோரும் இங்கிலீஷ்தான், கடையில் கையைக் காட்டினால் கொடுத்துவிடுவான், வீட்டு வாடகைப் பத்திரத்தைக்கூட யாரையோ வைத்துத்தான் படித்துக்கொண்டாய் என்று அப்புறம் சுகன்யா சொன்னாள், அவளுக்கு முன்னமே தெரியுமாம். அவர்ட்ட கேட்ராதீங்க அத்தே, சங்கடப்படுவார் என்றாள். நாற்பத்திரண்டு சொல் தெரிந்தவன் எழுநூற்று நாற்பது தெரிந்தவளை வேஸ்ட்டா என்று கேட்டிருக்கிறாய், இவள் உன் சங்கடத்துக்குக் குடைபிடிக்கிறாள். நான் பிடிக்கமாட்டேன். குரூப்பில் போட்டுவிடலாமா என்றுகூட நினைத்தேன், சிரிக்கிற மூஞ்சி எங்கே இருக்கிறது என்றும் தேடி எடுத்துவிட்டேன், அவள்தான் போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

அந்த விதையைப் பார்த்த அன்றைக்கு அவள் கொஞ்சம் சிரித்தாள், மறுநாளிலிருந்து ஆப்பையும் திறந்துவிட்டாள். மார்ச் பதினாலாம் தேதி மறுபடி கோயம்புத்தூரில் பரீட்சை, பேர் கொடுத்தாயிற்று. இந்தத் தடவை பாஸ் பண்ணிவிடுவாள், ஐரின் டீச்சரும் அதைத்தான் சொல்கிறார், எனக்கு அதில் சந்தேகமே இல்லை. ஆனால் ஒருநாள் கீரை ஆய்ந்துகொண்டிருக்கும்போது, பாஸ் பண்ணுனா மட்டும் போதுமா அத்தே, விசா அவங்க குடுப்பாங்க, வான்னு சொல்றது யாரு என்று கேட்டாள். எழுநூற்று நாற்பது சொல்லில் இதற்குப் பதில் இருக்காது, உன் நாற்பத்திரண்டில் தேடிப் பார். சாப்பிட்டாயா என்று எப்படிக் கேட்பது என்று ஒருநாள் டீச்சரிடம் கேட்டேன், சொல்லிக்கொடுத்துவிட்டு, அங்கே யாரும் தினமும் யாரையும் அப்படிக் கேட்பதில்லை என்றார். அதுதான் உனக்கும் ஒட்டிக்கொண்டதோ என்னவோ. மற்றதை எல்லாம் விட்டுவிட்டு அதை மட்டும் அந்த ஊரில் கற்றிருக்கிறாய்.

நேற்று ஹால் கூட்டும்போது பார்த்தேன். சுவரில் மாட்டியிருக்கிறதே, கல்யாணத்துக்கு முன்னால் எடுத்த உன் பெரிய போட்டோ, அதன் மேல் ஒரு பச்சைத்தாள். எனக்குத் திக்கென்றது. என்னதான் இருந்தாலும் பெற்றவள் அல்லவா, என் பிள்ளையை அஃறிணையில் சேர்த்துவிட்டாளே என்று அவளைக் கூப்பிட்டு, என்ன தாயி இது என்று கேட்டேன். அவள் தடுமாறவே இல்லை. போட்டோவுக்குப் பச்சைதான் அத்தே, அவங்க பாஷையில டாஸ் ஃபோட்டோ, டாஸ்னா அஃறிணை, மாமா சட்டைக்கு ஒட்டலையா, அதுமாதிரிதான் என்றாள். சரி, அப்போ அவனுக்கு எங்கே என்றேன். உள்ளே போய்த் தலையணைக்கு அடியிலிருந்து ஜெர்மன் நோட்டை எடுத்துவந்தாள், அட்டைக்கு உள்பக்கம் ஒரு நீலத்தாள், டேர் மன் என்று எழுதியிருந்தது, அதற்குக் கீழே தமிழில் புருஷன் என்று குட்டியாக. எழுதி ஏழு மாசமாச்சு அத்தே, ஒட்டுறதுக்கு ஆளைத்தான் காணோம் என்றாள்.

வேறு ஒன்றும் எழுதத் தோன்றவில்லை அப்பு. குரூப்பில் போட்டதை எடுத்துவிடு, எடுக்கிற பட்டனும் உனக்குத் தெரிந்திருக்கும். மார்ச்சில் லீவு இல்லை என்று சொல்லாதே, கேட்டுப்பார், ஆபீசில் இங்கிலீஷ்தானே, அந்த பாஷை உனக்கு நன்றாக வரும். பதினாலாம் தேதி கோயம்புத்தூருக்கு அவளோடு நான் போய்விடுவேன், எனக்கு அது சிரமமில்லை, ஆனால் பரீட்சை முடிந்து வெளியே வரும்போது அவள் தேடப்போகிற முகம் என்னுடையது இல்லை. குளிருக்குக் காதை மூடிக்கொள், எண்ணெய் தேய்த்துக் குளி, ரொட்டியே தின்னாமல் வாரத்தில் இரண்டுநாளாவது ரசம் வை. பழனியாண்டவர் உனக்கு நல்ல புத்தியும் நீண்ட ஆயுளும் கொடுக்கட்டும், முதலில் சொன்னதை முதலில் கொடுக்கட்டும். அப்பா உன்னை ஆசீர்வதித்ததாக எழுதச் சொன்னார். சுகன்யா ஒன்றும் எழுதச் சொல்லவில்லை, இந்தக் கடிதம் எழுதுவதே அவளுக்குத் தெரியாது.

அந்த நீலத்தாளைத் தொட்டுப்பார்த்தேன், ஓரம் சுருண்டு தூசி பிடித்திருக்கிறது. அந்த மாதிரித் தாளில் பசை கொஞ்சநாள்தான் இருக்கும், அதை மறந்துவிடாதே.

இப்படிக்கு,
உன்னைவிட இருநூற்றைம்பது சொல் கூடத் தெரிந்த உன் அம்மா
சு. பழனியம்மாள்